கள்ளிப்பெட்டி வண்டியும் கடைமடைக் கணக்கும்

குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர்களில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். மேட்டுச் சாலை ஒன்றின் உச்சியில் நான்கைந்து பிள்ளைகள், ஆளுக்கொரு கைவேலை வண்டியில், தலைக்கவசத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். எஞ்சின் கிடையாது, பெடல் கிடையாது. கொடி அசைந்ததும் வண்டிகள் இறக்கத்தில் உருளத் தொடங்கும். பணக்காரப் பையனின் பளபளப்பான வண்டி முந்தும். பழைய பலகையில் செய்த வண்டியின் சக்கரம் ஒன்று கழன்று தனியே ஓடும். கடைசியில் யாரும் எதிர்பாராத வண்டி எல்லைக்கோட்டைத் தொடும். கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகன், தமிழில் குரல் சேர்த்த அப்படியோர் எபிசோடை மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டான்: “மாமா, நம்ம ஊர்ல மட்டும் ஏன் இந்த ரேஸ் வைக்க மாட்டேங்கிறாங்க?” நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து பதில் சொல்லிவிட்டார்: “இங்க மேடு ஏதுடா? தண்ணியே யோசிச்சு யோசிச்சுத்தான் ஓடுது.”

எங்கள் ஊர் திருவையாற்றுக்கும் பாபநாசத்துக்கும் இடையில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. அம்மா சொன்ன அந்த ஒற்றை வரிக்குள் இந்தப் பந்தயத்தின் இயற்பியல் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது என்பதால், அதையே பிடித்துக்கொண்டு விளக்க முயல்கிறேன்.

முதலில் பெயர்: சோப்புப் பெட்டி வண்டிப் பந்தயம். சோப்புப் பெட்டி என்றதும் குளியலறையில் இருக்கும் சோப்பு டப்பா நினைவுக்கு வரக்கூடாது. அட்டைப்பெட்டி பரவுவதற்கு முன் சோப்புக் கட்டிகள் மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் கடைகளுக்கு வந்தன; நம் மளிகைக் கடைகளில் கள்ளிப்பெட்டி என்று சொல்வோமே, அதே வகைப் பெட்டி. அமெரிக்கப் பிள்ளைகள் காலியான பெட்டியைக் கேட்டு வாங்கி, அடியில் சக்கரம் பொருத்தி, இறக்கத்தில் உருட்டி விளையாடினார்கள். 1933-இல் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் மைரன் ஸ்காட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் இந்த விளையாட்டைப் பார்த்துப் படமெடுத்ததோடு நிற்காமல், பிள்ளைகளைத் திரட்டிப் போட்டியாகவே நடத்தினார். அடுத்த ஆண்டு, 1934-இல், நாடு தழுவிய முதல் போட்டி டேட்டனிலேயே நடந்தது. 1935-இல் அது அக்ரன் நகருக்கு மாறியது. அக்ரன் மேடுபள்ளமான ஊர் என்பது அதற்கு ஒரு காரணம். பந்தயம் இறக்கத்தைத் தேடிப் போயிற்று என்றே சொல்லலாம். தனியே அமைக்கப்பட்ட ஓடுதளத்தில் அங்கே இன்றும் போட்டி நடக்கிறது.

நம் பக்கத்திலும் இதன் பங்காளிகள் உண்டு. நுங்கு தின்றபின் மிஞ்சும் பனங்காய்க் கூடு இரண்டைக் குச்சியில் செருகி, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடும் நுங்கு வண்டி ஒன்று. மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட பேரிங்குகளைப் பலகையின் அடியில் அடித்து, சிமென்ட் தளத்தில் காது கிழியும்படி ஓட்டும் பேரிங் வண்டி மற்றொன்று. ஆனால் இவை இரண்டுமே பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால்தான் ஓடும். தள்ள ஆளில்லாமல், தரையின் சரிவை மட்டுமே நம்பி ஓடுவதுதான் சோப்புப் பெட்டி வண்டி. அந்தச் சரிவுதான் நம்மிடம் இல்லை.

எவ்வளவு இல்லை என்பதைப் பார்ப்போம். தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாகப்பட்டினத்துக் கடற்கரைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். அதாவது தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்தைத்தான் காவிரிச் சமவெளி அத்தனை தொலைவிலும் சிறிது சிறிதாக இறங்கித் தீர்க்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் மீட்டர் இறக்கம். ஒரு மீட்டர் நடந்தால் முக்கால் மில்லிமீட்டர், நாணயத்தின் கனம்கூடத் தேறாது.

தண்ணீருக்கு அது போதும். அசையாமல் நிற்கிற திரவம் மிகச் சிறிய சரிவையும் தாங்கி நிற்காது; மெதுவாகவேனும் வழிந்தே தீரும். கல்லணையில் பிரித்துவிடும் தண்ணீர் ஆறாகவும் வாய்க்காலாகவும் கன்னி எனும் சிறு வாய்க்காலாகவும் பிரிந்து, ஒரு பம்பும் இல்லாமல் வயல்வரை போய்ச் சேர்வது இந்த முக்கால் மீட்டரை நம்பித்தான். சக்கரத்தின் சங்கதி வேறு. சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் சக்கரமும் தரையும் கொஞ்சம் நசுங்குகின்றன. சக்கரம் உருளும்போது நசுங்கிய இடம் முழுதும் பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை. ஆகவே சக்கரம் எப்போதும் தானே உண்டாக்கிய சின்னஞ்சிறு குழியிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது என்று சொன்னால் பெரிய பிழையில்லை. இதற்கு உருளல் உராய்வு என்று பெயர். இந்த உராய்வை ஈடுகட்டும் அளவுக்குச் சரிவு இல்லையென்றால் வண்டி அசையவே அசையாது. இரும்புத் தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சக்கரம் மிகக் குறைந்த உராய்வுள்ளது. அதற்கே கிலோமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு மீட்டர் இறக்கம் தேவை. நல்ல தார்ச்சாலையில் காற்றடைத்த சைக்கிள் சக்கரத்துக்கு ஏறத்தாழ 5 மீட்டர். தஞ்சைக்கும் நாகைக்கும் இடையிலுள்ள இயற்கைச் சரிவில் ஒரு ரயில் பெட்டியை விட்டால்கூட அது தானாக உருளாது. அம்மா சொன்னதில் ஒரே ஒரு திருத்தம்தான்: தண்ணீர் யோசித்தாவது ஓடுகிறது, சக்கரம் யோசிப்பதோடு சரி.

ஆனால் டெல்டாவில் மனிதர் உண்டாக்கிய மேடுகள் இருக்கின்றன. சுவாமிமலையே கட்டுமலைதான். வண்டி உருட்ட அது உதவாது. எங்களுக்கு வாய்த்தது ஆற்றுக்கரை. கரையின் மேல்தளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மாட்டுவண்டி இறங்குவதற்காகப் போட்ட மண்சரிவு ஒன்று உண்டு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கி, படிப்படியாக இறங்கி அளந்ததில், 30 மீட்டர் தூரத்தில் 3 மீட்டர் இறக்கம் என்று தெரிந்தது. பத்துக்கு ஒன்று. சமவெளியின் இயற்கைச் சரிவைப்போல நூறு மடங்குக்கும் மேல்.

இனி கணக்கு. பள்ளிப் பாடத்தில் நிலையாற்றல், இயக்க ஆற்றல் என்று படித்திருப்பீர்கள். மேட்டில் இருக்கும் பொருளுக்கு உயரத்தால் ஓர் ஆற்றல் உண்டு. அது இறங்க இறங்க, உயரம் குறைந்து வேகமாக மாறும். இந்த ஊர்ப் பிள்ளைக்கு அதை விளக்க எனக்குக் கிடைத்த வழி பாசனம்தான். தலைமடையில் திறந்துவிட்ட தண்ணீர் முழுவதும் கடைமடைக்கு வருவதில்லை. வழியில் மண் குடிக்கிறது, எலிவளையில் இறங்குகிறது, உடைப்பில் போகிறது. மிஞ்சியதுதான் கடைசி வயலுக்கு. வண்டிக்கு உயரம்தான் தலைமடை. வழியில் உராய்வும் காற்றும் குடித்ததுபோக மிஞ்சிய உயரம்தான், சரிவின் அடியில் வேகமாக வந்து சேர்கிறது. கசிவே இல்லையென்று வைத்துக்கொண்டால் 3 மீட்டர் உயரம் நொடிக்கு 7.7 மீட்டர் வேகத்தைத் தரும், அதாவது மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் வண்டியின் எடை எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயரத்தை 9.8-ஆல் பெருக்கி, இரட்டிப்பாக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வேகம், அவ்வளவே.

இந்த முறையின் அழகு என்னவென்றால், கசிவையும் உயரத்தாலேயே அளந்துவிடலாம். வண்டியைத் தள்ளாமல் உச்சியிலிருந்து விடவேண்டும்; சரிவில் இறங்கி, சமதளத்தில் ஓடி, தானாக எங்கே நிற்கிறதோ அதுவரையுள்ள மொத்தத் தூரத்தை அளக்கவேண்டும். நின்றுவிட்டது என்றால் 3 மீட்டர் உயரமும் தீர்ந்துவிட்டது என்று பொருள். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால், ஒரு மீட்டர் ஓடுவதற்கு எத்தனை சென்டிமீட்டர் உயரம் செலவாகிறது என்பது கிடைத்துவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு நீள நாடா போதும்.

எங்கள் வண்டி, பழைய கட்டில் பலகை ஒன்றும் இரண்டு குழந்தைச் சைக்கிள்களிலிருந்து கழற்றிய நான்கு சக்கரங்களும். முதல் ஓட்டத்தில் அது 60 மீட்டரில் நின்றுவிட்டது. மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் கசிவு. அப்படியானால் சரிவின் 30 மீட்டரிலேயே ஒன்றரை மீட்டர் உயரம், சரிபாதி, காணாமல் போயிருக்கிறது. கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தோம். பின் இடது சக்கரம் இரண்டு சுற்றிலேயே நின்றது. அச்சு நுழையும் நடுப்பகுதியான அதன் குடம் பலகையின் ஓரத்தை உரசி, மரத்தில் பிறைபோலக் கறுப்புத் தடம் விழுந்திருந்தது. குற்றவாளி கிடைத்துவிட்டார். அச்சில் ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள வாஷர் இரண்டைக் கோத்ததும் சக்கரம் பலகையை விட்டு விலகியது. அதோடு டயர்களில் காற்றை நிறைத்து, பேரிங்கில் இறுகிப்போயிருந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவி எடுத்துவிட்டு, இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டோம். அடுத்த ஓட்டம் 85 மீட்டர். கசிவு மூன்றரை சென்டிமீட்டர். சரிவின் அடியில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 19-லிருந்து 22 கிலோமீட்டராக உயர்ந்திருக்கும். இரண்டு வாஷருக்கும் கொஞ்சம் காற்றுக்கும் இது அதிகம்.

அச்சில் நடக்கும் உராய்வைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் சக்கரம் என்ற கண்டுபிடிப்பின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது. சுமையைத் தரையில் இழுத்தால் உராய்வு முழுத் தூரத்துக்கும் நடக்கும். சக்கரத்தில் வைத்தால் உராய்வு அச்சுக்கும் குடத்துக்கும் இடையே நகர்ந்துவிடுகிறது. சக்கரத்தின் விளிம்பு ஒரு மீட்டர் ஓடும்போது, மெல்லிய அச்சின் மேற்பரப்பில் வழுக்கும் தூரம் சில சென்டிமீட்டர்தான். ஆகவே சக்கரம் பெரிதாகவும் அச்சு மெல்லியதாகவும் இருக்க இருக்க இழப்பு குறையும். மாட்டுவண்டிக்கு ஆளுயரச் சக்கரம் வைத்து, அச்சுக்கு மை போட்டவர்கள் இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கமாட்டார்கள். ஆனால் மாட்டின் மூச்சு அவர்களுக்கு அதைச் சொல்லியிருக்கும். பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் மேலாகக் கடந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

அப்படியென்றால் சோப்புப் பெட்டி வண்டிக்கும் பெரிய சக்கரமே நல்லதல்லவா என்றால், அங்கேதான் ஒரு முடிச்சு. உருளும் சக்கரம் முன்னேயும் போகிறது, தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. இரண்டுக்கும் ஆற்றல் வேண்டும். எடை முழுவதும் விளிம்பில் இருக்கும் வளையம்போன்ற சக்கரமாக இருந்தால் அதன் ஒவ்வொரு கிலோவும் இரண்டு கிலோவாகக் கணக்கில் ஏறும். ஆளோடு சேர்த்து 60 கிலோ வண்டியில் விளிம்புகள் மட்டும் 8 கிலோ என்று வைத்துக்கொண்டால், உயரம் தருவது 60 கிலோவுக்கான ஆற்றல், முடுக்கவேண்டியதோ 68 கிலோவை. வேகத்தில் 6 விழுக்காடு குறையும். சக்கரங்களை 2 கிலோவாகக் குறைத்தால் இழப்பு 2 விழுக்காட்டுக்குள் அடங்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: கனமான சக்கரம் சுழற்சியில் சேர்த்துவைத்த ஆற்றலைத் தின்றுவிடுவதில்லை, சமதளத்தில் வண்டி மெதுவாகும்போது திருப்பித் தந்துவிடும். ஆகவே எல்லைக்கோடு சரிவின் அடியிலேயே இருந்தால் கனச் சக்கரம் தோற்கும். யார் வண்டி அதிக தூரம் ஓடுகிறது என்பது போட்டியானால் அதே சக்கரம் அவ்வளவாகத் தோற்காது. பந்தயத்தின் விதி மாறினால் நல்ல வண்டியின் இலக்கணமும் மாறுகிறது.

எடையைப் பற்றிக் கார்ட்டூன்கள் பிள்ளைகளைக் குழப்புகின்றன. பருமனான பாத்திரம் ஏறிய வண்டி மின்னல்போலப் பாய்வதாகக் காட்டுவார்கள். அச்சு உராய்வும் உருளல் உராய்வும் எடை கூடக் கூடத் தாமும் அதே விகிதத்தில் கூடுவதால், அவற்றால் கனத்த வண்டிக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. காற்று மட்டும் ஆள் எத்தனை கிலோ என்று பார்ப்பதில்லை. எதிரே வரும் பரப்பையும் வேகத்தையும்தான் பார்க்கிறது. ஆகவே ஒரே வடிவுள்ள இரண்டு வண்டிகளில் கனத்தது காற்றைச் சற்று எளிதாகக் கிழித்துக்கொண்டு போகும். முறையான போட்டிகளில் வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த மொத்த எடைக்கு வரம்பு வைப்பது இதனால்தான். வேகம் இரட்டிப்பானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும் என்பதால், குனிந்து உட்கார்வது வேகம் கூடும்போதுதான் பலன் தரும். எங்கள் கரைச் சரிவில் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் குனிந்தால் பார்க்க நன்றாக இருக்கிறது என்று அக்கா மகன் சொன்னான். அதுவும் சரிதான்.

அந்த எபிசோடில் மெச்சத்தக்க இடம் ஒன்றிருந்தது. ஏழைப் பெண் பாத்திரம் பந்தயத்துக்கு முந்தைய இரவு விளக்கடியில் அச்சுக்கு எண்ணெய் விடுகிறாள். பணக்காரப் பையன் வண்டிக்கு வர்ணம் பூசுகிறான். யார் ஜெயிப்பார் என்பது அப்போதே தீர்ந்துவிட்டது. ஏற்கமுடியாத இடம், சமதளத்துக்கு வந்த பிறகு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முந்திச் செல்வது. சமதளத்தில் எந்த வண்டியும் வேகம் கூட்டிக்கொள்ள முடியாது. அங்கே எல்லா வண்டிகளுக்கும் வேகம் குறைந்துகொண்டேதான் வரும். எவளுடைய கசிவு குறைவோ அவள் மற்றவர்களைவிட மெதுவாகத் தளர்வாள். பார்ப்பவருக்கு அது முந்துவதுபோலத் தெரியும். ஓர் எண்ணெய்ச் சொட்டைக் காட்டியிருந்தால் போதும்; பல்லைக் கடிக்கவேண்டிய தேவை இல்லை. அதேபோல, வளைந்து நெளிந்து ஓட்டுவதைச் சாமர்த்தியமாகக் காட்டினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்சக்கரம் பக்கவாட்டில் தேய்கிறது. அதுவும் ஒரு கசிவு. முன் அச்சை நடுவில் ஒரே போல்ட்டில் நிறுத்தி, இரு நுனியிலும் கயிறு கட்டித் திருப்பும் வண்டியில், கயிற்றை ஆட்டாமல் பிடித்திருப்பவரே கெட்டிக்காரர்.

கசிவைக் குறைக்காமல் தலைமடையையே கூட்டப் பார்த்தவர்களும் உண்டு. 1973-இல் அக்ரன் போட்டியில் வென்ற 14 வயதுச் சிறுவனின் வண்டி மூக்கில் மின்காந்தம் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அங்கே வண்டிகளைத் தொடக்கத்தில் தடுத்து நிறுத்துவது இரும்புத் தகடு. அது முன்பக்கமாக மடிந்து விழும்போது வண்டிகள் உருளத் தொடங்கும். சிறுவன் தலையைப் பின்னால் சாய்த்ததும் காந்தம் உயிர்பெற்று, விழுகின்ற தகட்டோடு வண்டியையும் முன்னே இழுத்தது. சில அங்குல லாபம்தான். ஆனால் வண்டி மிக மெதுவாக ஊரும் தொடக்கத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நேரம் நிறையச் செலவாகும் என்பதால், அங்கே மிச்சம் பிடித்தது கடைசிவரை நிற்கும். வண்டியைச் சோதித்துக் கண்டுபிடித்து, இரண்டு நாளில் பரிசைப் பறித்துவிட்டார்கள். திட்டம் பெரியவர் ஒருவருடையது, பையனின் நெருங்கிய உறவினர்.

எங்கள் வண்டிக்கு இப்போது வேறு சிக்கல். சரிவின் அடியிலிருந்து தெரு 70 மீட்டர் நேராக ஓடி, பேருந்து போகும் தார்ச்சாலையில் முட்டுகிறது. இரண்டாவது ஓட்டத்தில் வண்டி சமதளத்தில் 55 மீட்டர் ஓடி நின்றது. புது பேரிங் வாங்கினால் கசிவு 3 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும் என்று அக்கா மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கு சரி. ஆனால் 3 மீட்டரை 3 சென்டிமீட்டரால் வகுத்தால் நூறு மீட்டர். சரிவின் 30 போக மீதி சரியாக 70. வண்டி தார்ச்சாலையின் விளிம்பில் போய் நிற்கும், அதுவும் நிற்கும் என்று நம்பினால்.

பாசனம் தெரிந்த ஊரில் வாய்க்காலோடு வடிகாலும் வெட்டுவார்கள். பிரேக் என்பது வடிகால்தான். வேண்டும்போது மட்டும் திறந்துகொள்ளும் கசிவு. திருவாரூர் ஆழித்தேர் போன்ற மலைத்தேரையே முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்பவும் நிறுத்தவும் செய்தார்கள். பின்னாளில் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக்கும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஓடுகிற சின்ன வண்டியின் சக்கரத்துக்குள் கட்டையை விட்டால் வண்டி குட்டிக்கரணம் போடும். சக்கரத்தைத் தொடாமல், இருக்கைக்குக் கீழே கீல் வைத்த பலகை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் அடியில் பழைய சைக்கிள் டயர்த் துண்டை ஆணியடித்து, காலால் மிதித்தால் அது தரையில் தேயும்படி செய்துகொண்டிருக்கிறோம். அது மூன்று முறை வண்டியைப் பத்து மீட்டருக்குள் நிறுத்திக் காட்டட்டும், அப்புறம் பேரிங் வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். தெருமுனையில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிவைக்க, இதற்குள் எதிர்வீட்டு மாமாவிடம் அவனே போய்ப் பேசிவிட்டு வந்துவிட்டான்.